துண்டு போர்த்திய நாற்காலி

தேசியத் தொழில் கூட்டமைப்பின் மாநாட்டுக்கு அமைச்சர் அந்த வருடமும் வரவில்லை. மேடை நடுவே வெள்ளைத் துண்டு போர்த்திய அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. நூற்பாலை நடத்தும் கருணாம்பிகை மைக்கைப் பிடித்து அதனிடமே சொன்னார்: "கரண்ட் இல்லாம மில்லு நிக்குதுங்க. வேலைக்கு வந்த புள்ளைங்கெல்லாம் ஊருக்குப் போயிருச்சுங்க." துண்டின் நுனி தலையசைப்பதுபோல மெல்ல ஆடியது. அவர் ஊர் திரும்பியபோது மில்லில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அதன்பின் எல்லா முதலாளிகளும் வரிசையில் நின்று நாற்காலியிடமே பேசினார்கள். பிறகொரு வருடம் அமைச்சர் நிஜமாகவே வந்துவிட்டார். உட்காரப் போனவரைக் கூட்டமைப்பின் செயலாளர் பணிவாக மறித்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா, அதுல ஆள் இருக்குதுங்க." அமைச்சர் துண்டையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.