நாற்பத்துநாலு புள்ளி

மேலாளர் அவளுடைய முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். முகம் லேசாக நடுங்கியது. அவர் விரலை எடுக்கவில்லை.

அப்படியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் போட்டார். சத்தமே வரவில்லை. கைப்பேசியின் சத்தத்தை முன்னாடியே அணைத்து வைத்திருந்தார்.

யாரும் சாகவில்லை. முகம், புரோகிராமர் பெண்ணின் வட்டமான படம். பெட்டி, அலுவலகச் செயலியில் இருக்கும் பொறுப்பு மாற்றப் படிவத்தின் மேல் பெட்டி. ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்புவது இப்போதெல்லாம் ஒரு விரல் வேலை.

அந்த விரல் மூன்று நாளாகத் துடித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தில், அவர் வடிவமைத்த வாடிக்கையாளர் செயலியைத் தன் சின்னக் கைப்பேசியில் திறந்து காட்டினாள் அவள். ‘வாடிக்கையாளர் குறை தீர்க்கும் பிரிவு’ என்ற தலைப்பு, ‘வாடிக்கையாளர் குறை…’ என்று பாதியில் நின்றது.

“தப்பெல்லாம் அவங்க மேலதான்னு சொல்ற மாதிரி இருக்கு சார்.”

எதையும் தலையணை அகல டேப்லெட்டிலேயே பார்த்துப் பழகிய முதலாளியம்மா, எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அறையே சிரித்தது. காப்பி கொண்டுவந்தவர்கூடச் சிரித்து முடித்துவிட்டுத்தான் கோப்பையை வைத்தார்.

மேலாளருக்கு வாழ்க்கையில் இரண்டே சட்டம். பிரிவுத் தலைப்பு என்றால் ஒரே வரி, திரை அளவில் உயரம் நாற்பத்துநாலு புள்ளி. பட்டியல் என்றால் அகரவரிசை. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே நாற்பத்துநாலுதான்.

கதவு தட்டப்பட்டது. அவளேதான்.

“சார், தலைப்போட உயரத்தை எழுத்துக்குத் தக்கபடி வளர விட்டுடலாமா? ரெண்டு வரி வந்தா ரெண்டு வரி. அரை நாள் வேலைதான்.”

“நாப்பத்திநாலு.”

“உங்க சட்டப்படி நான் எழுதின நம்ம ஆபீஸ் ஆப்லயாவது செஞ்சிடலாம் சார். அதுலயும் வெட்டுப்படுது.”

“வெட்டுப்படட்டும்மா.” அந்தச் சொல்லை மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டார் மேலாளர். “வெட்டுப்பட வேண்டியது வெட்டுப்பட்டுத்தான் ஆகணும். ஒரு புள்ளிகூட ஏறக் கூடாது. புரியுதா?”

“புரியுது சார்.” போய்விட்டாள். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தியது அவருக்கு இன்னும் எரிந்தது.

படிவத்தில் இரண்டு பெட்டிகள். இரண்டின் தலையிலும் ‘இந்த மாதம் முதல் பொறுப்பை…’ என்றே இருந்தது. இருந்தால் என்ன? காகிதப் படிவக் காலத்திலிருந்தே மேலே இருப்பவர் போகிறவர், கீழே இருப்பவர் வருகிறவர். பதினெட்டு வருடமாக ஆளை அனுப்பிக்கொண்டிருப்பவருக்குத் தலைப்பைப் படித்துத்தான் தெரிய வேண்டுமா?

கீழ்ப் பெட்டியில் தன் படத்தைப் போட்டார். புது ஆள் வரும்வரை அவளுடைய வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்ற நல்ல பெயரும் இலவசமாகக் கிடைக்கும்.

அடியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அவள் பெயரை எழுதக்கூட மனம் வரவில்லை. ‘இவருக்கு வேகம் போய்விட்டது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். யார் எடுத்துச் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. பிரிவு உருப்பட வேண்டுமானால் இவர் போயே ஆக வேண்டும்’ என்று எழுதினார்.

படித்துப் பார்த்தார். இனித்தது. அனுப்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளியம்மா எல்லாரையும் கூடத்துக்கு அழைத்தார். மேலாளர் முன்வரிசையில் நின்றார். பரிதாபப்படும் முகம் ஒன்றைக் குளியலறைக் கண்ணாடியில் ஒத்திகை பார்த்துக் கொண்டுவந்திருந்தார்.

“சார் அனுப்பினதை நாலு தடவை படிச்சேன்,” என்றார் முதலாளியம்மா. “உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னுதான் இத்தனை நாள் நெனச்சுட்டு இருந்தேன்.”

“கம்பெனின்னு வந்துட்டா சொந்தக் கோபதாபம் பார்க்கக் கூடாது மேடம்.” மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்தக் காரணம் இருக்கே, அதுல ஒவ்வொரு வரியும் உண்மை சார். எனக்கும் தெரியும், சொல்லத்தான் வாய் வரல. நீங்களே எழுதிட்டீங்க. உடனே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“ரொம்ப நன்றி மேடம்.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. காப்பிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஏன் அழுகிறார் என்று மேலாளருக்குப் புரியவில்லை.

“யாருக்கு சார் இந்தப் பெரிய மனசு வரும்?” முதலாளியம்மா அவர் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்தார். “சரி, உங்க ரூம் சாவியை அவகிட்ட கொடுத்துடுங்க.”

மேலாளர் பூங்கொத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஞாபகம் இல்லையோ என்று நினைத்து, முதலாளியம்மா தன் டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த அகலத்தில் தலைப்புகள் இரண்டும் காலை நீட்டிப் படுத்திருந்தன.

மேலே, ‘இந்த மாதம் முதல் பொறுப்பை ஏற்பவர்’. அதன் கீழ் அவள் முகம்.

அடுத்து, ‘இந்த மாதம் முதல் பொறுப்பை விடுபவர்’. அதன் கீழ், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, அவர்.

“ஏய், மேல இருந்ததைக் கீழ மாத்தினது யாரு?” என்று அவளிடம் பாய்ந்தார் மேலாளர்.

அவள் சாவிக்காகக் கையை நீட்டினாள்.

“அகரவரிசை சார். உயரமும் நாப்பத்திநாலுதான், ஒரு புள்ளிகூட ஏத்தல.”