நேசம் ரீச்சரின் மறதி

"ஒரு ரீச்சருக்கு இவ்வளவு மறதி கூடாது, கண்டியளோ!"

பேர்ணடெற் சொன்னது கிளினிக் விறாந்தை முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

பின்னே என்ன? கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்கு ரெண்டு பஸ் மாறி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் தாய்மாரோடு வந்து வாங்குப் பலகைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். சனிக்கிழமை வேறு. பேர்ணடெற்றுக்கு இடியப்ப ஓடர் உள்ள நாள். பாதி ஓடரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

எல்லாம் போன கிழமை வந்த வினை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு லேடி டொக்டர் வந்து, பிள்ளைகளை ஒவ்வொருத்தராகத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு முன்னுக்குக் குனியச் சொல்லி முதுகைப் பார்த்தார். முள்ளந்தண்டு நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் வளைகிறதா என்று பார்க்கிற சோதனையாம். வளருகிற வயதில் கண்டுபிடித்தால் திருத்தலாமாம்.

அடுத்த நாளே வகுப்பு ரீச்சர் நேசம் தாய்மாரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"குறை நினைக்காதேங்கோ. விளையாடப் போடுற பி.ரி. உடுப்புக் கொண்டு வரச் சொல்ல நான் மறந்து போனன். யூனிபோமோட டொக்டருக்கு வடிவாப் பார்க்கேலாமப் போட்டுது. எல்லாப் பிள்ளையளும் ஒருக்கா கிளினிக்குக்கு வரோணும்."

இப்போது கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த இன்னொரு தாய் பைறோஸா, பேர்ணடெற்றின் கையைத் தட்டினாள்.

"விடுங்கக்கா. மறதி எல்லாருக்கும் ஈக்கிறதானே. நானே அடுப்ப அணைச்சேனா இல்லையாண்டு யோசிச்சிட்டுத்தான் ஈக்கிறேன்."

"உங்கட அடுப்பு உங்கட வீட்டைத்தான் எரிக்கும். இவவின்ர மறதி வகுப்பையே எல்லோ இழுத்தடிக்குது!"

தாய்மார் கொல்லென்று சிரித்தார்கள். கதவடியில் நின்ற நேசம் ரீச்சருக்கும் அது கேட்டது.

"ஓம் அம்மா, என்ர பிழைதான்" என்றார்.

எதிர்த்துக் கதைத்திருந்தால் பேர்ணடெற்றுக்கு ஆறியிருக்கும். இந்தப் பணிவுதான் இன்னும் கொதியைக் கிளப்பியது.

"வகுப்பில எத்தினை பிள்ளைக்கு முதுகு கோணியிருக்கப் போகுது, ரீச்சர்? ஒண்டு, மிஞ்சினா ரெண்டு. பார்த்த டொக்டருக்கு ஒரு மட்டுக்காவது தெரிஞ்சிருக்காதோ? அதுகளை மட்டும் கூப்பிட வேண்டியதுதானே! ஆரோ ஒரு கூனிக்காக எங்கட பிள்ளையளும் மினக்கெடோணுமோ?"

"அம்மா, மெல்லமாக் கதையுங்கோ" என்று மகள் மரியகொறற்றி சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு. உனக்கென்ன, கோயில் கொடிமரம் மாதிரி நிக்கிறாய்."

அதற்குள் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கூனியாமடி!"

"ஆர், நீயோ?"

"போடி, நீதான் கூனி!"

ஒருத்தியை ஒருத்தி தள்ளிச் சிரித்தார்கள். அவ்வளவு ஏச்சையும் எதிர்த்துக் கதைக்காமல் வாங்கிய நேசம் ரீச்சர், சட்டென்று திரும்பினார்.

"அந்தச் சொல்லு என்ர காதில இனி விழக்கூடாது!"

பிள்ளைகள் தள்ளுவதை விட்டு வாங்குகளில் ஒழுங்காக இருந்தார்கள்.

'பாரன், தன்ர பிழையை மூட எங்களுக்குப் பாடம் படிப்பிக்கிறா' என்று பேர்ணடெற் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு தாயும் பிள்ளையுமாக உள்ளே போய், கொஞ்ச நேரம் இருந்து வந்தார்கள். பைறோஸா சிரித்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்டும் இல்லையாம். டொக்டர் எங்கட மகளோட நெட்போல் கதைதான் கதைச்சிட்டிருந்தா."

அடுத்தது மரியகொறற்றி.

பள்ளிக்கூடத்துக்கு வந்த அதே டொக்டர்தான் அவளைக் குனியச் சொன்னார். பிறகு, "நீங்களும் இங்கால வந்து பாருங்கோ, அம்மா" என்று பேர்ணடெற்றைப் பின்னால் கூப்பிட்டார்.

குனிந்த முதுகில், வலது பக்கம் மட்டும் சின்ன மேடு போல எழும்பி நின்றது. நிமிர்ந்து நிற்கையில் தெரியாத மேடு. பெற்று வளர்த்தவள் இதைக் காணவேயில்லை.

"அந்தோனியாரே!"

"பயப்படாதேங்கோ. நல்ல வேளை, நேரத்தோட கண்டிட்டம். எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பம். பெல்ற் மாதிரி ஒண்டு கொஞ்சக் காலம் போட வேண்டி வரும். உடுப்புக்கு உள்ளதான், வெளியில தெரியாது" என்ற டொக்டர், பிள்ளையைத் திரைக்கு அங்கால் போய் உடுப்பைச் சரிசெய்யச் சொன்னார்.

பேர்ணடெற் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெல்ற் நினைவில் நிற்கவில்லை. வெளியில் இருக்கிற சனம்தான் கண்ணுக்குள் நின்றது. தான் சொன்ன சொல்லும், அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சிரித்த சிரிப்பும்.

"டொக்டர்... வெளியில தெரிஞ்சா என்ர பிள்ளையை அந்த வகுப்பில இருக்க விடாதுகள். நான் என்னெண்டு இவளைக் கூட்டிக்கொண்டு வெளிய போவன்?"

"எல்லாரும் வந்து போற மாதிரிப் போங்கோ. ஆருக்கும் தெரியாது" என்றார் டொக்டர். "பள்ளிக்கூடத்திலயே நான் எல்லாரையும் வடிவாப் பார்த்திட்டன், அம்மா. யூனிபோம் ஒண்டையும் மறைக்கேல்லை. உங்கட மகளை மட்டும் அனுப்புங்கோ எண்டுதான் சொன்னனான். 'ஒருத்தியைத் தனியக் கூப்பிட்டா நாளைக்கே பட்டம் வைச்சிடுவினம், டொக்டர். நான் மறந்து போனதாச் சொல்லுறன். ஏச்சு எனக்கு விழட்டும், வகுப்பு முழுக்க வரட்டும்' எண்டு சொன்னவ உங்கட ரீச்சர்தான்."