நாற்காலிச் சத்தம்
மனைவி நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருக்கிறாள். உயிரோடிருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் ஒரு தட்டு. டக். செத்தவை சாயம் குடித்து நீலமாகக் கிடக்கின்றன. நேரமானால் மற்றவையும் நீலமாகிவிடும். எந்தக் கண்ணாடித் தகட்டில் செல்களைச் சாகாமல் காக்க அவளும் கணவனும் சேர்ந்து கண்டுபிடித்த மருந்து விழுந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆசை கணக்கில் கைவைத்துவிடும். அதனால்தான் பெயர்ச்சீட்டுகளின் மேல் கணவன் கறுப்பு நாடா ஒட்டியிருக்கிறான். ஒட்டியவன் வெளியே போயிருக்க வேண்டும்; போகவில்லை. இருப்புக்கொள்ளாமல் அவள் முதுகுக்குப் பின்னால் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான். கிறீச், கிறீச். ஜன்னல் வெயில் மேசைமேல் ஏறி, மிச்சமிருக்கும் தகடுகளை நெருங்குகிறது. அவள் அடுத்த தகட்டைச் செருகுகிறாள். வட்ட வெளிச்சத்துக்குள் நீலமே இல்லை. எல்லாம் பளிங்கு மணிகளாக மினுங்குகின்றன. டக், டக், டக். விரலோடு நெஞ்சும் ஓடுகிறது. அப்போதுதான் உறைக்கிறது, பின்னால் சத்தமே இல்லை என்பது. விரல் நிற்கிறது.

“இதுதானா?” கண்ணை எடுக்காமலே கேட்கிறாள்.

“நான் வாயே திறக்கலையே!”

“காலை நிறுத்திட்டீங்களே.”

அவன் முகம் சுண்டிப்போகிறது. “யாருக்கும்மா தெரியப் போவுது? எண்ணி முடிச்சுடு. இப்ப விட்டா எல்லாம் நீலமாயிடும். மறுபடி முதல்லேருந்து ஒரு வருஷம்.”

“எனக்குத் தெரிஞ்சுடுச்சே.”

கருவியின் குமிழைத் திருகுகிறாள். எண்கள் சரசரவென்று உருண்டு பூஜ்யத்தில் நிற்கின்றன. நாற்காலி இன்னும் அசையவில்லை.