நடுச் சுவருக்கு மட்டும்

"நடுச் சுவருக்குப் பன்னிரண்டு போர்டா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

மருமகள் கேட்ட கேள்வியில் போர்டுக்காரர் அளவு நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினார்.

மாமியார் அறைக்கும் அவளும் கணவனும் படுக்கும் அறைக்கும் நடுவில் இருந்த பழைய பிளைவுட் தடுப்பு ஈரத்தில் உப்பிவிட்டது. அதை எடுத்துவிட்டு ஜிப்சம் போர்டு அடிக்கப் போகிறார்கள். ஹாலிலும் ஒரு தடுப்பு வருகிறது. எல்லாம் அவள் சேமிப்பில் நடக்கிற வேலை.

"நீளம் பன்னிரண்டடி, உயரம் எட்டடி. நாலுக்கு எட்டு போர்டு, ஒரு பக்கத்துக்கு மூணு. ரெண்டு பக்கமும் சேர்த்து ஆறு. ஹாலுக்கு மட்டும் சரியா கணக்குப் போடத் தெரியுதில்ல?"

"இது ரெண்டு அடுக்கு மேடம். அதான் இரட்டிப்பு."

"நடுவுல பஞ்சு மெத்தை வேற சொல்றீங்க. சுவருக்குக் குளிருதா?"

போர்டுக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் கணவனைப் பார்த்தார். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"யாரைக் கேட்டு ரெண்டு அடுக்கு? நான் சொன்னேனா, இவர் சொன்னாரா?"

"நேத்து அளக்க வந்தப்ப... பெரியம்மாதான் சொன்னாங்க. உங்ககிட்ட பேசிக்கிறேன்னாங்க."

அவ்வளவுதான்.

"பார்த்தீங்களா உங்க அம்மா வேலையை? நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்ப்பேன், அவங்க உட்கார்ந்த இடத்துல ஆர்டர் போடுவாங்க. அப்பவே நினைச்சேன், நேத்து அளக்க வந்தவருக்கு டீ போட்டுக் கொடுத்து அப்படி என்ன குசுகுசுன்னு பேச்சுன்னு."

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? அவங்களுக்குத்தான் காது மந்தமாச்சே. காது நல்லா இருந்தா அந்த ரேடியோவை அப்படி அலற விடுவாங்களா? நாம போய்ப் படுத்ததும் ஆரம்பிக்குது. ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கியிருக்கேனா? அதையும் நான்தான் பொறுத்துக்கணும், அவங்க மகாராணி மாதிரி இருக்கச் சுவரும் நான்தான் கட்டித் தரணும்."

"மேடம், வேணாம்னா ஒரு அடுக்கே போட்டுடலாம்."

"நீங்க ஒரு அடுக்கும் போட வேணாம். நாடாவை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. வேற ஆளைப் பார்த்துக்கிறோம்."

சொன்ன வேகத்தில் படுக்கையறையை விட்டு வெளியே வந்து மாமியார் அறைக்குள் நுழைந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற முடிவோடு.

மாமியார் முதுகைக் காட்டியபடி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் வாயைத் திறக்கப் போனாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே." தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவன் போர்டுக்காரரின் காதோடு பேசுவது கேட்டது. "கோபம் வந்தா இப்படித்தான் கொட்டுவா. மனசுல ஒண்ணும் கிடையாது."

ரகசியக் குரல்தான். ஆனால் பக்கத்தில் நின்று பேசுவது போல ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. போர்டுக்காரர் பெருமூச்சு விட்டதுகூட.

மாமியார் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி ரேடியோவைப் போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள். பிறகு அடுத்த துணியை எடுத்தாள்.

மருமகளின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷமாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம், தன் படுக்கையறையில் அவள் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"அத்தை..."

இரைச்சலுக்கு நடுவில் அந்தச் சின்னக் குரல் மாமியாருக்குக் கேட்டது. திரும்பியவள் அவசரமாக ரேடியோவை அணைத்தாள்.

"நீயாம்மா? வா, உட்காரு. போர்டுக்காரர் மேல கோபப்படாத, நான்தான் சொன்னேன். சின்னஞ்சிறுசுங்க நீங்க, புருஷன்கிட்ட மனசு விட்டுப் பேச ஒரு இடம் வேணாமா? கூடுதலா ஆகறதுக்கு என் வளையலை வச்சுக்கோ."

மருமகளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

மாமியார் ரேடியோவைத் துணியால் துடைத்து ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அந்தச் சுவர் மட்டும் வந்துட்டா, ராத்திரியில இதை நான் போடவே வேண்டாம்மா."