கோல் கம்பத்துக் கிளிப்

நோர்வூட் மைதானத்தில் பொம்மை விமானம் விட்டவர்கள் இரண்டே பேர்: கணேசமூர்த்தியும் கடைக்கார நுஸ்கியும். இருவருடைய ரிமோட்டுக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் விமானம் பறக்கும்போது மற்றவர் ரிமோட்டைப் போட்டால் அது விழுந்து நொறுங்கும். அதனால் கால்பந்து கோல் கம்பத்தில், உடுப்புக் காயப்போடும் சிவப்புக் கிளிப் ஒன்றை மாட்டிவைத்தார்கள். அதை எடுத்துக்கொண்டவர் மட்டுமே பறக்கவிடலாம். இறங்கியதும் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

நுஸ்கி போன வருஷம் இறந்துபோனார். அவருடைய விமானம் கணேசமூர்த்தியின் அலமாரிமேல் கிடக்கிறது.

இந்த மாதம் கணேசமூர்த்தி புதிய அலைவரிசைக்கு மாறினார். அதில் ஒன்றை மற்றது குழப்பாது. கிளிப்புக்கு வேலையே இல்லை. ஆனாலும் அதைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு காலை கிளிப்பைத் தொடாமலே விமானத்தை மேலே ஏற்றிவிட்டுத் திரும்பினால், கம்பத்தில் கிளிப்பைக் காணோம்.

"பூரணி, கிளிப்ப எடுத்தியா?"

"நான் ஏங்க எடுக்கப் போறேன்?" என்ற மனைவி அண்ணாந்து பார்த்தாள். "ரெண்டு சத்தம் கேக்குதே?"

கணேசமூர்த்தி விமானத்தை இறக்கி ரிமோட்டை அணைத்தார். மூடுபனிக்குள் ஒரு சத்தம் மட்டும் இன்னும் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவர் பூரணியின் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்.

"தள்ளி வா. எறங்கணும்ல."

சத்தம் தாழ்ந்து வந்து நின்றது. ஈரப் புல்லில் சின்னச் சக்கரங்களின் தடம் நீண்டு, பாதி மைதானத்தில் முடிந்திருந்தது.

கம்பத்தில் கிளிப் இருந்தது. கணேசமூர்த்தி அதை எடுத்துச் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டார்.

"இப்ப நம்ம மொற," என்றார்.