இயக்குநரின் தொப்பை

1979, ஆண்டின் கடைசி நாள். குவாயாகில் நகரின் நிலப்பதிவுக் காப்பகத்துக்குத் தணிக்கைக்காரர்கள் என்று சொல்லி வந்த சொராய்தாவும் நிலோவும், உண்மையில் நூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய காலத்திலிருந்து வந்த துப்பறிவாளர்கள்.

கழிமுகத்துக் குடியிருப்பின் பட்டாக் கோப்பு அன்று மாலைதான் காணாமல் போனது. எடுத்தது யாரென்று நூறு ஆண்டுகளாகத் தெரியவில்லை. பட்டா இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, அவர்கள் காலத்தில் வரும் திங்கட்கிழமை குடியிருப்பையே இடிக்கப்போகிறார்கள். சொராய்தாவின் அம்மா வீடு அங்கேதான்.

இயக்குநர் பெனாவிதெஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தக் கோப்பைத் தன் தோல்பைக்குள் திணிப்பதை இருவரும் அலமாரி இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

"ஆளு சிக்கிட்டான், அக்கா. மாடிப்படிகிட்ட மண்ணெண்ணெய் டின் வேற இருக்கு, கவனிச்சீங்களா?"

"கொளுத்தப் போறானாடா?" என்றாள் சொராய்தா. ஊருக்குள் தீக்குச்சி உரசவே தடை இருந்த காலத்தில் பிறந்தவள் அவள்.

ஒரு வழக்குக்கு ஒரு காலப்பயணம்தான். எதையும் திரும்பக் கொண்டுபோகவும் முடியாது. அலுவலகம் மூடும் ஐந்து மணிவரை கோப்பை ஒளித்துவைத்து, எல்லோரும் போனதும் அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

கூடத்து மூலையில், நாற்காலியில் ஓர் ஆளுயரப் பொம்மை. பழைய சட்டை, கால்சட்டை, இயக்குநரைப் போலவே வரைந்த காகித முகம். எழுத்தர் மெர்செதெஸ் அதற்குள் மரத்தூள் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு திணிச்சாலும் ஐயாவோட தொப்பை மட்டும் வரமாட்டேங்குது. சும்மாவா, வருஷம் பூரா நம்ம ரத்தத்தக் குடிச்சு வளர்த்ததாச்சே!" என்று அலுத்துக்கொண்டு காபி குடிக்கப் போனாள்.

"நம்ம காலத்துலயும் வருஷக் கடைசியில வாசல்ல உட்கார வைப்போமே, அதே பொம்மைதான்," என்றான் நிலோ. "ஜனவரி பூரா கிடக்கும். ஒருத்தரும் தொடமாட்டாங்க."

இயக்குநர் கை கழுவப் போன நேரத்தில், கோப்பு தோல்பையிலிருந்து பொம்மையின் வயிற்றுக்கு இடம் மாறியது.

மெர்செதெஸ் திரும்பி வந்து பார்த்தாள். "அட, இப்பத்தான் அச்சு அசல் ஐயா!"

ஐந்து மணிக்கு இயக்குநர் பையைத் திறந்தார். முகம் வெளுத்துப்போனது.

"என்ன ஐயா தேடுறீங்க?" சொராய்தா மிடுக்காக எதிரில் வந்து நின்றாள்.

"கழிமுகத்துப் பட்டாம்மா! அந்த அலமாரிக்கு மேல கூரை ஒழுகுது. லீவு முடியிற வரைக்கும் வீட்ல காய வெச்சு எடுத்துட்டு வரலாம்னு... விதிப்படி தப்புதான். ஆனா அத்தன குடும்பமும் அத நம்பித்தானே இருக்கு!" அவர் பையைக் கவிழ்த்து உதறினார்.

சொராய்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பதறாதீங்க, பத்திரமாத்தான் இருக்கு," என்று சிரித்தபடி மூலைப்பக்கம் திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. மண்ணெண்ணெய் டின்னையும் காணோம்.

கீழே தெருவில் பட்டாசுச் சத்தம், கைதட்டல். நடுவே மெர்செதெஸின் குரல்: "ஒழிஞ்சது பழைய வருஷம்! தொப்பையப் பாருங்கடி, என்னமா எரியுது!"

நிலோ வழக்கு அறிக்கையை எடுத்து, நூறு ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த 'குற்றவாளிகள்' என்ற இடத்தில், பதவி வரிசைப்படி அக்காவின் பெயரை முதலில் எழுதினான்.