வேரைக் காட்டியவள்

"வாங்கவும் மாட்ட, வுடவும் மாட்ட. இன்னா பாயம்மா, வெளையாடறியா?"

புதுப்பட்டினம் சந்தையில் நாற்று விற்கும் செங்கல்வராயனின் பொறுமை அன்றோடு போய்விட்டது. மூன்று வாரமாக இதே கூத்து. ரோஷன் பீவி வருவாள். தக்காளி நாற்றுக் கட்டை அவிழ்த்து, நாலு நாற்றை உருவி, வேரைத் தண்ணீரில் அலசித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு அந்த நாலையும் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு நடையைக் கட்டுவாள். அலசின நாற்றை வேறு யார் வாங்கப்போகிறார்கள் என்று அவனும் விட்டுவிடுவான்.

போன வருஷம் அவன் கொடுத்த நாற்றில் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. ரோஷன் பீவியின் தோட்டம் மொத்தமும் மஞ்சளாகிச் சுருண்டது. இதே சந்தையில் நின்று அவன் மானத்தை வாங்கினாள். அதன்பிறகு இந்தப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

எல்லாம் மண்ணில் இருக்கும் நூற்புழு செய்த வேலை என்றார் விவசாய ஆபீஸ் கிராம சேவக். அவர் சொன்னபடி சாணக் குப்பையை ஆறு மாசம் மக்க வைத்து, சலித்து, புதுசாகப் போட்ட நாற்றங்காலில் கலந்தான். நாற்று ஜோராக வந்திருக்கிறது. வாங்கத்தான் ஆளில்லை. இன்னும் ஒரு வாரம் போனால் முற்றிவிடும். அப்புறம் குத்தகை நிலத்தை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குத்தான் போகவேண்டும்.

"வேரு சுத்தமாதான் கீது," என்றாள் ரோஷன் பீவி.

"மூணு வாரமா அதத்தான பாத்துகினு கீற?"

"ஒரு தபா பாத்தா போதுமா அண்ணாத்த?"

"எங்கனா ஒரு முடிச்சு ஆப்டுமான்னு தேடற, அதான? போன வருசம் போட்ட கூச்சல் பத்தலயா? இனிமே இங்க வராத."

அவள் நாற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. போன வருஷம் அவள் பேசாததா என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டான்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் பெண்கள் ஐந்தாறு பேர் கும்பலாக வந்து நின்றார்கள்.

"செங்கல்வராயன் நீங்கதானே? வீட்டுக்கு ரெண்டு கட்டு தக்காளி நாத்து கொடுங்க," என்றாள் முன்னால் நின்ற ராஜம். "எங்க லைன்ல இன்னும் நிறைய பேர் வர்றாங்க."

அவன் கட்டுகளை எண்ணி எடுத்து வைத்தான். "என்னாண்ட வாங்கச் சொல்லி யாரும்மா சொன்னது?"

"ஒரு பாயம்மா. மூணு வாரமா வீடு வீடா வந்து உங்க நாத்தோட வேரைக் காட்டினாங்க. முதல்ல நாங்க நம்பல. இப்பக்கூட பஸ் ஸ்டாப்புல நின்னு காட்டிட்டு இருக்காங்க. உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்னு கேட்டேன். 'அவரு பேரைக் கெடுத்தவளே நான்தான், வேற யாரு போய் சொல்லுவா?'ன்னாங்க."